பின்னால் கூப்பிட்ட பிள்ளை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். செத்த வீட்டில் வரும், பூசையில் வரும், பரீட்சை மண்டபத்தில் வரும். வந்தால் இலேசில் நிற்காது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வடிய, பக்கத்தில் இருப்பவரையும் கெடுத்துவிட்டுத்தான் ஓயும். இரண்டாவது கெட்ட பழக்கம் கோபம். அதுவும் திடீரென்று வந்து திடீரென்று போகும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் சிறு பிள்ளைகளின் மனநலத்துக்கு உதவுகிற வேலைக்குப் போனேன் என்றால், என்னைத் தெரிவு செய்தவர்களின் மனநலத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

வவுனியாவில் பத்து நாள் பயிற்சி தந்தார்கள். பிள்ளையோடு பேசும்போது அதன் உயரத்துக்குக் குனிய வேண்டும், பிள்ளை எதைச் சொன்னாலும் முகத்தில் திடுக்கிடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, அவசரப்படக் கூடாது. எல்லாவற்றையும் கொப்பியில் ஒழுங்காக எழுதிக்கொண்டேன். நான்காம் நாள் நடிப்புப் பயிற்சி வந்தது. நான் தாய். எனக்கு முன்னால் இருந்த ஆறடி உயரமான ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான்கு வயதுப் பிள்ளை. வாத்தியார் எதையும் அரைகுறையாகச் செய்கிற மனிதர் அல்ல. பெருவிரலைச் சூப்பிக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். அன்று தேநீர் இடைவேளையை அரை மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசி நாள் சான்றிதழைத் தந்த அம்மா என் கையைப் பிடித்து, சிரிப்பை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நான் செட்டிகுளத்துக்காரி. எங்கள் ஆட்கள் மலைநாட்டில் தேயிலை பறித்து, பிறகு வன்னிக்கு இறங்கி வந்து வயல் செய்தவர்கள். எனக்கு நெல் தெரியும், கச்சான் கடலை தெரியும், குளம் தெரியும். கடல் தெரியாது. அப்படிப்பட்ட என்னைத்தான் முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். கிழமை நாட்களில் வற்றாப்பளையில் ஒரு வீட்டில் தங்கி, அங்கிருந்து ஸ்கூட்டியில் கரைக்குப் போவேன். கிராமத்தில் எல்லாரும் கத்தோலிக்கர். மாதா கோயிலின் மண்டபத்துக்கு வெளியே ஒரு பெரிய பூவரசு நின்றது. அதன் கீழே ஒரு பாயும் ஒரு பெட்டி பொம்மைகளுமாக நான் போய் உட்கார்ந்தேன்.

முதல் புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. கோயில் மதிலில் நான் ஒட்டிய அறிவித்தலில் ‘சிறுவர் மனநலம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அந்த வழியால் போன ஒரு தாய் நின்று வாசித்துவிட்டு, தங்கட பிள்ளைகளுக்கு விசர் ஒன்றும் இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது, போனது. அறிவித்தலைக் கிழித்துப்போட்டு ‘விளையாட்டு’ என்று மட்டும் எழுதி ஒட்டினேன். அடுத்த புதன்கிழமை இருபத்தேழு பிள்ளைகளும் ஒரு ஆடும் வந்தன.

மணலில் முகம் கீறுவோம். சிரித்த முகம், அழுத முகம், கோப முகம். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒருத்தன் கல்லால் எறிவேன் என்றான். இன்னொருத்தி அலுமாரிக்குள் ஏறி இருப்பேன் என்றாள். ரீச்சர் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். கத்துவேன் என்று உண்மையைச் சொன்னேன். பயிற்சிக் கையேட்டில் அந்தப் பதில் இல்லை, ஆனாலும் பிள்ளைகளுக்கு என்னில் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

இந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை எப்போதும் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்து வயது. இரண்டு பக்கமும் குடுமி. கண் இரண்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது வேண்டுமென்றால் எழும்பி வந்து என் காதில் வாயை வைத்துக் குசுகுசுக்கும். வேறு விதமாகப் பேசாது. அந்த மூச்சு என் காதைக் கூசவைக்கும். நான் நெளிந்து நெளிந்து சிரிப்பேன். தன்னுடைய ஒரு சொல்லால் ஒரு பெரிய மனுசி இப்படிப் புரள்கிறாளே என்று பிள்ளை ஆச்சரியமாகப் பார்க்கும். பிறகு, இல்லாத தேவைக்கெல்லாம் வந்து குசுகுசுக்கத் தொடங்கியது.

மூன்றாவது கிழமை தாய் வந்தார். பாயில் இருக்கச் சொன்னால் இருக்காமல், பூவரசில் சாய்ந்து நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். முன்பு இந்தப் பிள்ளை கத்தினால் அடுத்த துறையில் நிற்கிற ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். நான்கு மாதமாக வீட்டிலும் குசுகுசுப்புத்தான். முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் தொண்டையும் காதும் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. கோயிலில் நேர்த்தி வைத்தாயிற்று. வருகிற தை மாதம் பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்று. பெயர் கூப்பிட்டால் சத்தமாகப் பதில் சொல்லாத பிள்ளையைப் பின் வாங்கில் இருத்தி மறந்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னவர், கடைசியில் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

“பள்ளிக்கூடம் ஒரு பக்கம் கிடக்கட்டும் ரீச்சர். எனக்கு அவளின்ர சத்தம் வேணும்.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். பத்து நாள் படித்தவளிடம் ஒரு தாய் வந்து பிள்ளையின் குரலைக் கேட்டால் நான் எங்கே போவேன்.

இரண்டு நாள் கழித்து வீடு பார்க்கப் போனேன். தகர வேலிக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்தும்போதே உள்ளே ஓர் ஆணின் குரல் இடி மாதிரிக் கேட்டது. பெண்ணின் குரல் அதற்கு மேலே போனது. இவர் உறும, அவர் உறும, தகரம் அதிர்ந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் படிவத்தில் ‘வீட்டில் சண்டை சச்சரவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. வேலியில் வைத்தே பேனையால் அதில் சரி போட்டேன். பிறகு கோபத்தோடு உள்ளே போய், தோளில் துவாயோடு நின்ற அந்த மலை மாதிரி மனிதரிடம், பெரியவர்கள் இப்படி ஆளுக்காள் கத்தினால் பிள்ளையின் குரல் எப்படி வெளியே வரும் என்று கேட்டேன். புத்தி சொல்லக் கூடாது, அவசரப்படக் கூடாது என்று கொப்பியில் எழுதியதெல்லாம் செட்டிகுளத்துக்குப் போய்விட்டது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, முன்னைப் போலவே தகரம் அதிர, ரீச்சருக்கு ஏன் கோபம் என்று மனைவியிடம் விசாரித்தார். தனக்குத் தெரியாது என்று அவர் அங்கிருந்து உறுமினார். விசயம் இதுதான்: அன்று வந்த சூடை மீனைக் குழம்பு வைப்பதா சொதி வைப்பதா என்று இருவரும் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடற்காற்றுக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் மேலே கதைத்துக் கதைத்து இந்தக் கரையில் எல்லாருக்கும் இதுதான் கதைக்கிற குரல். கொஞ்சுவதும் இந்தக் குரலில்தான், செபம் சொல்லுவதும் இந்தக் குரலில்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர்களும் ஏனென்று தெரியாமல் சிரித்தார்கள். அலுமாரிக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்கியது. சத்தம் வரவில்லை. பேனையால் போட்ட சரியை அழிக்க முடியாததால் பக்கத்தில் ‘சூடை மீன் பற்றிய கலந்துரையாடல்’ என்று சின்னதாக எழுதினேன். அலுவலகத்திலிருந்து அதைப் பற்றி விளக்கம் கேட்டு இரண்டு தடவை தொலைபேசி வந்தது.

சண்டை காரணம் இல்லை. அப்படியென்றால் என்ன காரணம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் வேறு வழியில்லாமல் பயிற்சியில் சொன்னதைச் செய்தேன். பிள்ளை விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவள் ஒரு சிரட்டையைப் படகாக்கி, இரண்டு குச்சிகளை அதில் நிறுத்துவாள். ஒரு துணிப் பொம்மையைக் கரையில் இருத்துவாள். படகைத் தள்ளுவதற்கு முன்னால் தன் தலையில் இருக்கிற ரிப்பனைக் கழற்றிப் பொம்மையின் வாயை இறுக்கிக் கட்டுவாள். பிறகுதான் படகு போகும். ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும். வந்த பிறகு ரிப்பனை அவிழ்ப்பாள். திரும்பவும் கட்டுவாள், திரும்பவும் படகு போகும். ஒரு புதன் முழுக்க இதுதான். அடுத்த புதனும் இதுதான். எனக்குக் கேட்க வேண்டும் போல நாக்குத் துடித்தது. கேட்காமல் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது புதன், மணலில் குப்புறப் படுத்து, அவளைப் போலவே குசுகுசுப்பாகக் கேட்டேன்.

“இவாவின்ர வாயை ஏன் கட்டினனீங்கள்?”

அவள் சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு என் காதில் வாயை வைத்தாள்.

“இவா கூப்பிட்டால் படகு திரும்பி வராது.”

காது கூசியது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனை இருத்திக் கேட்டேன். முற்றத்தில் தாயின் தம்பியும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அவர் மாமா. தகப்பனும் அவரும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டதும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அன்று தகப்பன் கடலில் குடிக்கக் கொண்டுபோகிற தண்ணிக் கானை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி, அவர் தண்ணீரில் கால் வைக்கிற நேரம் பின்னாலிருந்து ‘அப்பா’ என்று கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் பக்கங்களில் வெளிக்கிட்டுப் போகிற ஆளைப் பின்னால் கூப்பிட மாட்டார்கள். தவறிக் கூப்பிட்டால் அந்த ஆள் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். தகப்பன் அன்று அவசரத்தில் கானை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடலில் எஞ்சின் பழுதாகிவிட்டது. இழுபட்டுப் போய், வேறு ஊர்ப் படகு ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்து, அடுத்த நாள் பின்னேரம்தான் கரை சேர்ந்தார்கள். அதுவரை ஊரே கரையில் நின்று அழுதது. பிள்ளையும் நின்றது.

இறங்கும்போது தம்பி ஏதோ சொன்னான் என்று தாய் மெல்லச் சொன்னார். மாமா வலை ஊசியைக் கீழே வைத்தார். அவருக்கு அது மறந்தே போயிருந்தது, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. களைப்பிலும் பயத்திலும் சொல்லியிருக்கிறார்: பின்னால் கூப்பிட்டு அனுப்பினால் வேறு என்ன நடக்கும் என்று. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அதைக் கேட்டிருக்கிறது.

பிறகு தகப்பன் பேசினார். அந்த மனிதர் சின்னக் குரலில் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

“அந்தக் கான் இல்லாட்டி நாங்கள் ரெண்டு பேரும் தண்ணியில்லாமல் காய்ஞ்சு போயிருப்பம்.”

பிள்ளை கூப்பிட்டதால்தான் அவர்கள் உயிரோடு வந்தார்கள். இதை அவளிடம் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது என்று துள்ளினேன். அன்றே சொன்னோம். தகப்பன் மடியில் வைத்துச் சொன்னார், மாமா கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு தகப்பனின் காதில் குசுகுசுத்தாள். தான் இனிமேல் கானை முதலே கொண்டுவந்து வைத்துவிடுவாளாம், அப்போது கூப்பிடத் தேவையில்லையாம்.

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையில் அல்ல, அந்த வழக்கத்தில். அடுத்த நாள் கரைக்குப் போய், வலை ஏற்றிக்கொண்டிருந்த ஆண்களைக் கூப்பிட்டு வைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். எஞ்சின் பழுதாவது எஞ்சினால்தான், கூப்பிடுவதால் அல்ல, படித்த காலத்தில் இன்னுமா இந்தப் பயம் என்று கேட்டேன். பதினைந்து பேரும் தலையைக் குனிந்து மரியாதையாகக் கேட்டார்கள். நான் நல்லாகப் பேசினேன் என்ற பெருமையோடு ஸ்கூட்டியில் ஏறி முறுக்கினேன்.

“ரீச்சர், ஹெல்மெட்” என்று கரைக்கு வந்திருந்த பிள்ளையின் தாய் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

என் கால் தானாக நின்றது. ஸ்கூட்டியை நிறுத்தினேன், திரும்பி வந்தேன், கவிழ்த்து வைத்த படகில் உட்கார்ந்தேன், ஒரு மிடறு தண்ணீர் தாருங்கோ என்று கேட்டேன். செட்டிகுளத்தில் சாப்பாட்டுப் பெட்டியை மறந்து நான் வெளிக்கிடுகிற ஒவ்வொரு திங்கட்கிழமையும் அம்மா பின்னால் கூப்பிடுவார். நான் திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்துத்தான் பஸ்ஸுக்குப் போவேன். சின்ன வயதிலிருந்து முப்பது வருடப் பழக்கம். தண்ணீர் பாதித் தொண்டையில் இறங்கும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பதினைந்து பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமாவின் மீசை துடித்தது. முதலில் வெடித்தது நான்தான். தண்ணீர் மூக்கால் வந்தது. பிறகு கரை முழுக்கச் சிரித்தது. ஒருவர் சிரிப்புத் தாங்காமல் மணலில் உட்கார்ந்தே விட்டார்.

சிரித்து முடிய வெட்கமாக இருந்தது. எனக்கும் பயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் உண்மையாக என்னோடு கதைத்தார்கள். பிரசங்கத்துக்குப் பேசாமல் நின்றவர்கள், கடலில் எஞ்சின் நிற்கிற நேரம் வயிறு எப்படிச் சுருளும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தகப்பன் ஒரு முடிவு சொன்னார். கானை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போவார், பிள்ளை கூப்பிட வேண்டும், எல்லாரும் பார்க்க அவர் போய்த் திரும்பி வர வேண்டும். மாமாவுக்கு முகம் வெளிறியது. அவரும் அந்தப் படகில்தான் போக வேண்டும். மீசையைத் தடவித் தடவி யோசித்தார்.

“சொன்னது நான்தானே, நான் வாறன். ஆனா பின்னால கூப்பிட்டால்தானே பிழை. நான் அவளைப் பாத்துக்கொண்டே பின்னுக்கு நடந்து போறன்.”

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அந்த முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விசயம் தெரிந்து பாதி ஊர் கரைக்கு வந்துவிட்டது. பிள்ளைக்கு எல்லாவற்றையும் முதலே விளக்கிச் சொல்லியிருந்தோம். அவள் இரண்டு கையாலும் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். தகப்பன் நேராகக் கடலைப் பார்த்து நடந்தார். மாமா கடலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்தார்.

அவள் குசுகுசுத்தாள். காற்று அதை எடுத்துக்கொண்டு போனது. தகப்பன் திரும்பவில்லை, நடந்தார். திரும்பவும் குசுகுசுத்தாள். அவர் தண்ணீரில் கால் வைத்தார். அவருடைய முதுகு எவ்வளவு இறுகியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. மாமா பின்பக்கமாகப் போய்க்கொண்டே, திரும்பிப் பார்க்க முடியாத தகப்பனுக்கு நேர்முக வர்ணனை செய்தார். இன்னும் வாயைத் திறக்கவில்லை, மெதுவாக நட அத்தான். இப்போது வாயைத் திறக்கிறாள், இல்லை, மூடிவிட்டாள். இன்னும் கொஞ்சம் மெதுவாக நட. கானை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள்.

அடுத்ததைச் சொல்ல வாய் எடுத்தவர் நங்கூரக் கயிற்றில் கால் தடக்கி, விரித்த கையோடு அப்படியே அலைக்குள் இருந்துவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் காற்றுப் புகுந்து குடை மாதிரி ஊதி எழும்பியது. அந்த ஊதிய சாரத்துக்கு நடுவில் மீசையும் கண்களும் மட்டும் தெரிய, இன்னும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை.

என்னால் முடியவில்லை. வவுனியாவில் சொன்ன எச்சரிக்கையெல்லாம் காற்றில் போனது. மணலில் விழுந்து சிரித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், தாய்மார் சிரித்தார்கள். என் பக்கத்தில் ஏதோ விக்கல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. திரும்பிப் பார்த்தேன். அவள் கானோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். தொண்டையிலிருந்து, சத்தமாக. சிரிப்பு நிற்க முதலே, அது வந்த வழியாலேயே மற்றதும் வந்தது.

“அப்பா, கான்.”

தாய் பொய் சொல்லவில்லை. அடுத்த துறையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தகப்பன் திரும்பி ஓடி வந்தார். வந்து மணலில் உட்கார்ந்து, கானைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். மாமாவுக்கும் ஒரு மிடறு. பிறகு எழும்பிப் போனார்கள். படகு கண்ணுக்கு மறைந்ததும் பிள்ளை கையை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டது.

அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது. ஒரு பிள்ளையின் முழு மனதையும் ஒரு பழைய எஞ்சினில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அது இன்றைக்கும் நின்றால்? இந்தக் குரல் திரும்பி வரவே வராது. மாமா எஞ்சினை மூன்று தரம் கழற்றிப் பூட்டியிருந்தார் என்று தெரியும். இருந்தாலும் வற்றாப்பளைக்குப் போனதும் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். கத்தோலிக்கப் படகுக்குச் சைவ நேர்த்தி. அம்மன் பார்த்துக்கொள்வா என்று நினைத்தேன்.

விடிய முதல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். தாயும் பிள்ளையும் நின்றார்கள். பிள்ளையின் கை இன்னும் வாயில்தான் இருந்தது. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களுடையது வரவில்லை. தாய் என் கையைப் பிடித்தார், நான் அவருடைய கையைப் பிடித்தேன். வெளிச்சம் நல்லாக வந்த பிறகு ஓர் எஞ்சின் சத்தம் கேட்டது. நாங்கள் பார்க்க முதலே பிள்ளை கையை எடுத்துவிட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

தகப்பன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து வந்தார். அவள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, அவருடைய முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், தாடியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள்.

“கூப்பிட்டனீங்கள் எல்லே குஞ்சு. வந்திட்டன்.”

நான் அழுதேன். தாயும் அழுதார். மாமா படகிலிருந்து இறங்கி, ஒரு கறிக்குக்கூட மீன் படவில்லை, அது ஏனென்றால் என்று தொடங்கினார். கரையில் நின்ற எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தகப்பனுக்குப் பொல்லாத மறதி வந்தது. ஒரு நாள் கான், ஒரு நாள் வெற்றிலைப் பை, ஒரு நாள் டோர்ச் லைட், ஒரு நாள் போட வேண்டிய சேர்ட். ஒவ்வொரு பின்னேரமும் அவள் கூப்பிடுவாள், அவர் திரும்பி வந்து மணலில் இருந்து ஒரு மிடறு குடித்துப் போவார். கரையில் கடைசியாக வெளிக்கிடுகிற படகு தங்களுடையதுதான் என்று மாமா முறைப்பாடு செய்தார். ஆனாலும் சில நாட்கள் பின்பக்கமாகவே நடந்தார், ஏனென்றால் பிள்ளைகள் கேட்டார்கள். அவள் என் காதில் குசுகுசுப்பது குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அதில் கொஞ்சம் கவலை என்றும் சொல்ல வேண்டும்.

மாரி தொடங்குவதற்கு முந்திய புதன்கிழமை. பூவரசடியை விட்டுக் கரை மணலில் கோடு கீறி, தாண்டுகிறவரைத் தொட்டு வெளியேற்றுகிற கிளித்தட்டு விளையாடினோம். என்னையும் ஒரு பக்கம் சேர்த்திருந்தார்கள். கோட்டைத் தாண்டினானா இல்லையா என்று அவளுக்கும் ஒரு பெடியனுக்கும் பெரிய வழக்கு; ரீச்சரும் வெளியே என்று அவன் சேர்த்துச் சொல்லியிருந்தான். அவள் இடுப்பில் கை வைத்து நின்று வாதாடினாள். தகப்பன் கடலுக்கு இறங்குகிற நேரம் அது. கான் வழக்கம்போல மணலில் இருந்தது. அவர் தண்ணீரின் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஒரு காலை மாற்றினார். மாமா படகிலிருந்து, போவமா என்று கேட்டார். அவர் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். பிள்ளைக்கு வழக்கு முடியவில்லை. தான் தொட்டது உண்மை, அவன் பொய் சொல்கிறான், ரீச்சர் கண்டவா என்று அவள் போட்ட சத்தத்தில் நாய்கள் எழும்பி வேறு இடம் பார்த்துப் போயின. தகப்பன் கடைக்கண்ணால் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக மணலில் ஏறி வந்து, தானே கானை எடுத்தார். நான் அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார். கானைத் தோளில் வைத்துக்கொண்டு, அவள் கத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, அப்படியே கடலுக்கு இறங்கிப் போனார்.

சிரிக்க வேண்டிய இடம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளித்தட்டுக் கோட்டுக்கு நடுவில் நின்று விம்மி விம்மி அழுதேன். அவள் வழக்கை விட்டுவிட்டு ஓடி வந்து என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அந்தப் பெடியனின் பக்கம் திரும்பினாள்.

“நீ வெளிய எண்டு சொன்னதால பார், ரீச்சர் அழுகிறா.”

அது படகு வரைக்கும் கேட்டது. தகப்பன் எஞ்சினைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்து, ஒரு கையை உயர்த்தினார். அவளுக்கு அதைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, நான் வெளியே இல்லை, உள்ளே வந்து நிற்கச் சொன்னாள்.